கங்கைகொண்டானில் மூன்று கருவிகளும் ஒரு காளியும்

திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கியதும் மூன்று பேர் என் பெட்டியின் மேல் கண் வைத்தார்கள். ஒருவர் போர்ட்டர், ஒருவர் ஆட்டோக்காரர், மூன்றாமவர் யாரென்று தெரியவில்லை. அந்த மூன்றாமவர்தான் நேராக வந்து என் பெயரைச் சொன்னார். "நீங்கதான சிங்கப்பூர் மேடம்? நான் இசக்கி. கம்பெனிக்கு வண்டி ஓட்டுதேன்." அடையாள அட்டை கேட்டேன். சட்டைப்பையைத் தடவிவிட்டுச் சிரித்தார். "அட்டையெல்லாம் கெடையாது மேடம். சங்கரலிங்கம் சாருக்கு போன் போட்டுக் கேளுங்க." கேட்டேன். அவர் நீட்டிய போனில் அல்ல, என் போனில், என்னிடம் இருந்த எண்ணுக்கு.

சந்தேகப்படுவது என் தொழில். எங்கள் ஊர் ரயில்களில் நான்கு மொழிகளில் சந்தேகப்படச் சொல்வார்கள். நான் அதற்குச் சம்பளமும் வாங்குகிறேன். ரப்பர் குழாய் செய்யும் ஒரு நிறுவனத்தின் சிங்கப்பூர் தலைமையகத்தில், பாதுகாப்புப் பிரிவில் வேலை. இணையத்தில் எவராவது நிறுவனத்தை மிரட்டுகிறாரா, எங்கள் பெயரில் போலி வேலை விளம்பரம் போடுகிறாரா, அதிகாரிகளின் வீட்டு முகவரியைப் பரப்புகிறாரா என்று இரவும் பகலும் பார்த்துச் சொல்லும் மென்பொருள் கருவிகள் சந்தையில் ஏராளம். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மூன்றைச் சோதனைக்கு எடுத்தோம். ஒப்பந்தப்படி அவற்றின் பெயரை வெளியில் சொல்லக் கூடாது என்பதால் நானே பெயர் வைத்திருக்கிறேன். எதைக் கண்டாலும் குரைக்கும் ஒன்றுக்கு நாய். எதைக் கண்டாலும் பேசாமல் இருக்கும் ஒன்றுக்குச் சாமியார். எதைக் கேட்டாலும் அடித்துச் சொல்லும் மூன்றாவதற்கு ஜோசியர்.

சோதிப்பதற்காக நானே பன்னிரண்டு பொய் மிரட்டல்களை எழுதி, போலிக் கணக்குகளில் போட்டு, ஒரு நாள் வைத்திருந்து அழித்தேன். குழுவில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பள்ளியில் கட்டுரைப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கியவள் என்பதால் கொஞ்சம் ரசித்தே எழுதினேன். நாய் பன்னிரண்டையும் பிடித்தது. கூடவே ஒரு பிரியாணிக் கடை விளம்பரத்தையும் பிடித்தது. சாமியார் ஒன்றையும் பிடிக்கவில்லை. ஜோசியர் பதினொன்று.

ஆனால் ஜோசியர் வேறொரு வேலை செய்தது. என் பொய் எதையும் சேராத ஒரு நிஜ ஆளைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. எங்கள் கங்கைகொண்டான் ஆலையில் சரக்குத் தூக்கும் வண்டி ஓட்டும் சுடலைமுத்து. என் மேலாளர் துள்ளிக் குதிக்காத குறை. சுடலைமுத்துவை அன்றைக்கே இடைநீக்கம் செய்யச் சொன்னார். நான் நேரில் போய்ப் பார்த்து, வெள்ளிக்கிழமைக்குள் 'உறுதி' என்று கையெழுத்திட்டால் அந்த ஆளுக்கு வேலை போகும், போலீசில் புகார் போகும், ஜோசியருக்கு ஒப்பந்தம் கிடைக்கும். என் கையெழுத்துக்காக இத்தனை பேர் காத்திருந்தது அதற்கு முன் நடந்ததில்லை.

போகும் வழியெல்லாம் இசக்கி கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார். சொந்த ஊர் எது, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், வீட்டுக்காரர் என்ன செய்கிறார், ஏன் கழுத்தில் ஒன்றும் போடவில்லை. சிங்கப்பூரில் பதினாறு வருடமாகப் பக்கத்து வீட்டில் இருப்பவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான், மின்தூக்கி வேலை செய்கிறதா என்று. இவ்வளவு தகவலை ஒரு ஓட்டுநர் யாருக்காகச் சேகரிக்கிறார்? எல்லாவற்றுக்கும் பொய்ப் பதில் சொன்னேன். இரண்டு அண்ணன்கள் இருப்பதாகச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரத்தில் மூன்று என்றேன். "ஒருத்தர கூட்டிட்டீய" என்றார் இசக்கி, கண்ணாடியில் பார்த்தபடி.

ஆலையில் மனிதவள மேலாளர் சங்கரலிங்கம் காத்திருந்தார். நெற்றி நிறையத் திருநீறு, இஸ்திரி கலையாத சட்டை, அதிராத பேச்சு. ஜோசியர் கொடுத்த ஆங்கில அறிக்கையை மேசையில் விரித்தேன். அதில் மூன்று குற்றச்சாட்டுகள். ஒன்று: நிறுவன வாசலில் வைத்து அதிகாரிகளுக்கு உடல் காயம் விளைவிப்போம் என்று ஒரு கணக்கிலிருந்து மிரட்டல் வந்து, கணக்கு அழிக்கப்பட்டது, அதைச் சுடலைமுத்து முகநூலில் பகிர்ந்திருக்கிறார், எழுதியவரும் பகிர்ந்தவரும் ஒரே ஆள், உயர் நம்பகம். இரண்டு: பகிர்ந்தபோது 'எந்த வாசல்' என்று கூட்டாளிகளிடம் விசாரித்திருக்கிறார். மூன்று: 'பத்துப் பேர் மாறுவேடத்தில் வருகிறோம், ஆயுதங்கள் தயார்' என்று பிறகு எழுதியிருக்கிறார்.

"மூணாவதை விட்ருங்க மேடம்" என்றார் சங்கரலிங்கம். "அது தசரா செட்டு. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனுக்கு மாலை போட்டு, வெரதம் இருந்து, காளி, ராஜா, போலீசுன்னு வேஷம் கட்டுவாவ. வீடு வீடாப் போயி காணிக்கை வாங்கி கோயில்ல சேப்பாவ. வருஷா வருஷம் நம்ம கேட்டுக்கும் வருவாவ. இந்த வெள்ளிக்கிழமையும் வருவாவ. ஆயுதம்னா எல்லாம் தகரம்."

கேன்டீனில் கேட்டேன், அதையே சொன்னார்கள். வாசல் காவலரிடம் கேட்டேன், அதையே சொன்னார். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னால் என் தொழிலில் அதற்குப் பெயர் சாட்சியம் இல்லை, ஒத்திகை.

"அந்த முதல் பதிவுதான் எனக்கும் இடிக்குது" என்று சங்கரலிங்கமே ஒப்புக்கொண்டார். "அவன்கிட்டயே கேட்ருப்பேன். விசாரணை முடியிற வரைக்கும் பேசக் கூடாதுன்னு உங்க ஆபீஸ்ல சொல்லிட்டாவ. செட்டோட பேஸ்புக் பக்கத்துல தேடிப் பாத்தேன். பயந்துபோயி எடுத்துட்டான் போல."

தமிழில் அந்த மிரட்டல் எப்படி இருந்தது என்று பார்த்தால் போதும், கொஞ்சம் பிடி கிடைக்கும். ஜோசியரின் விற்பனைப் பிரதிநிதியைக் கூப்பிட்டேன். அசல் வாசகம் எங்கள் சந்தாவில் வராதாம். அதற்கு மேலடுக்குச் சந்தா வாங்க வேண்டுமாம். ஒரு மனிதனின் வேலையைப் பறிக்க ஆங்கிலச் சுருக்கம் போதும், அவன் என்ன சொன்னான் என்று பார்க்கத்தான் கூடுதல் சந்தா.

மறுநாள் செவ்வாய்க்கிழமை மதியம் சங்கரலிங்கம் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். விசாரணை நடக்கும்போது விருந்து எதற்கு? நிறுவன விதிப்படி, பெற்றுக்கொள்ளும் உபசாரங்களைப் படிவத்தில் எழுத வேண்டும். 'மதிய உணவு, ஒன்று' என்று எழுதிவிட்டுத்தான் போனேன். அவர் மனைவி சொதி பரிமாறினார். தேங்காய்ப் பாலில் பாசிப்பருப்பும் காய்களும் வெந்து கிடந்தன. தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். முதல் வாயில் எனக்குச் சந்தேகம் போனது, இரண்டாவது வாயில் திரும்பி வந்தது. இவ்வளவு ருசியாக ஒருத்திக்குச் சமைத்துப் போட்டால் அவள் எதில்தான் கையெழுத்துப் போட மாட்டாள்?

மூன்றாவது முறை சோறு விழுந்தபோது சங்கரலிங்கம் பைய ஆரம்பித்தார். "அவன் விஷயத்துல என்ன முடிவு எடுக்கப் போறீய மேடம்?" பார்த்தாயா, வந்துவிட்டது என்று நினைத்தேன். "உங்களுக்கு அவர் சொந்தமா?" என்று கேட்டேன். அவர் முகம் சுண்டிவிட்டது. "சொந்தமெல்லாம் இல்ல. ரெண்டு வருஷமா ஒரு நாள் லீவு போடாம வேலை பாத்தவன். போலீசு கேசுன்னு ஒண்ணு வந்துட்டா அவன வேற எவன் வேலைக்கு எடுப்பான்? அதுக்காகக் கேட்டேன்" என்றார். அவர் மனைவி மோர்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர், நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

சுடலைமுத்துவின் செட்டு புதன்கிழமை குலசையில், அதாவது குலசேகரன்பட்டினத்தில், காப்புக் கட்டுகிறது என்று தெரிந்தது. திடீரென்று போய் நின்றால்தான் உண்மை வெளிவரும். இசக்கியிடம் திருச்செந்தூர் கோயிலுக்கு என்று சொல்லி வண்டியை எடுக்கச் சொன்னேன். பாளையங்கோட்டை தாண்டுவதற்குள் வண்டியின் முன்பக்கத்திலிருந்து புகை வந்தது. இசக்கி மூடியைத் திறந்து, துண்டால் விசிறி, தண்ணீர் ஊற்றி, கடைசியில் கையை விரித்தார். பிறகு திருச்செந்தூர் பஸ் ஒன்றைக் கையைக் காட்டி நிறுத்தி என்னை ஏற்றிவிட்டார். "அக்காவ பாத்து எறக்கி விடுங்க அண்ணாச்சி, வெளியூரு" என்று நடத்துனரிடம் உரக்கச் சொன்னார். இதைவிட நல்ல அடையாளம் ஒரு திருடனுக்கு வேண்டுமா? பையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டேன்.

ஜன்னலுக்கு வெளியே வாழைத் தோட்டங்களும் வயலும் மாறி மாறி வந்தன. நடு நடுவே ஆறு தெரிந்தது. வரைபடத்தில் நான் பார்த்திருந்த நீலக் கோட்டைவிட அகலம். பக்கத்தில் இருந்த அம்மாள் பொரிகடலை நீட்டினார். வேண்டாம் என்றேன். அவர் அதை என் பையின் மேலேயே வைத்துவிட்டுத் தூங்கிப் போனார். ஸ்ரீவைகுண்டம் தாண்டும்வரை அது அப்படியே இருந்தது. பிறகு சாப்பிட்டேன்.

குலசையில் கடற்கரை மணலில் பந்தல் பந்தலாகச் செட்டுகள். சிவப்பு வேட்டியும் மாலையுமாக ஆயிரக்கணக்கில் ஆட்கள். சுடலைமுத்துவை இதில் எப்படித் தேடுவது என்று நான் நின்றுகொண்டிருக்கும்போதே ஒருவர் ஓடி வந்தார். "சிங்கப்பூர் அக்காவா? வாங்க வாங்க. நீங்க பஸ் ஏறிட்டீயன்னு இசக்கி அண்ணாச்சி போன் போட்டாரு." நான் யாரிடமும் குலசை என்று சொல்லவில்லை. பந்தலுக்குப் போனால் எனக்குக் கருப்பட்டிக் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. ஜோசியரையும் நாயையும் கட்டித் தூக்கி வந்தாலும் இந்த வேகத்தில் ஒரு ஆளைக் கண்டுபிடிக்க முடியாது.

சுடலைமுத்துவுக்கு முப்பது வயது இருக்கும். முகத்தில் பாதிக்கு நீலம் பூசியிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். பக்கத்தில் பாயில் காளியின் கிரீடமும், மரத்தில் செய்த எட்டுக் கைகளும், தகர வாளும் கிடந்தன. நான் வாளின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தேன். தகரம்தான்.

"இடைநீக்கத்தில் இருக்கும்போது எதற்கு வேஷம்?" என்று கேட்டேன்.

"வேலை கெடச்சா மூணு வருஷம் காளி வேஷம் கட்டுதேன்னு அம்மனுக்கு நேந்துக்கிட்டேன் அக்கா. இது மூணாவது வருஷம். குடுத்த வேலை நிக்குமா போவுமான்னு தெரியல. அதுக்காக நேந்தது இல்லன்னு ஆயிருமா?"

அவர் அழவில்லை, கெஞ்சவும் இல்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. அந்த மிரட்டலை ஏன் பகிர்ந்தாய் என்று நேராகக் கேட்டேன். அவர் தன் போனை எடுத்தார். முகநூல் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டாலும் படமாக எடுத்து வைத்திருந்ததைத் தேடி என் கையில் கொடுத்தார். "பாருங்க. எவனோ படிச்ச கிறுக்கன் எழுதியிருக்கான். சிரிக்கிறதுக்குத்தான் போட்டேன்."

மேலே அவருடைய வரி: 'எங்க கம்பெனியில எந்த வாசல்ல வே ஆறு ஓடுது? தெரிஞ்சவன் சொல்லுங்கலே.' அதற்குக் கீழே பத்து இருபது பேரின் சிரிப்பு. அதற்கும் கீழே, படமாக, அந்த மிரட்டல்:

'கங்கைகொண்டானில் தாமிரபரணி தழுவும் உங்கள் தொழிற்சாலை வாசலில், அதிகாரிகளின் குருதியும் ஆறாகப் பாயும்.'

பன்னிரண்டாவது. ஜோசியர் பிடிக்காமல் விட்டதாக நான் குறித்து வைத்திருந்த பன்னிரண்டாவது பொய். 'தழுவும்' என்ற சொல்லுக்காக நான் கால் மணி நேரம் யோசித்தது நினைவிருக்கிறது.

"ஆத்துக்கும் கம்பெனிக்கும் நடுவுல ஒரு டவுனே இருக்கு" என்று சுடலைமுத்து சொல்லிக்கொண்டிருந்தார். "எங்களுக்குக் குடிக்கத் தண்ணி லாரில வருது. இதுல தாமிரபரணி வந்து வாசல்ல தழுவுதாம்லா!"

பந்தலில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் தெரிந்துவிடும் என்று பயம். நடந்தது புரிந்துவிட்டது. நான் கணக்கை அழித்த பிறகுதான் ஜோசியர் அந்தப் பக்கம் வந்திருக்கிறது. எழுதியவர் இல்லை, பகிர்ந்தவர் இருக்கிறார். இருக்கிற ஆளைப் பிடித்துக்கொண்டு, இவரேதான் அவர் என்று அடித்துச் சொல்லிவிட்டது. பதிவின் தேதியை என் குறிப்பேட்டோடு வைத்துப் பார்த்திருந்தால் சிங்கப்பூரிலேயே தெரிந்திருக்கும். ஓட்டுநரை, மனிதவள மேலாளரை, சொதி பரிமாறிய பெண்ணை, பொரிகடலை கொடுத்த அம்மாளை எல்லாம் சந்தேகப்பட்டேன். என்னை மட்டும் விட்டுவிட்டேன்.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. காப்பிக்கு நன்றி சொல்லிவிட்டு, தோற்றுப்போன திருடி மாதிரி பஸ் நிலையத்துக்கு நடந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு காளி வந்து உட்கார்ந்தது. வேறு ஏதோ செட்டைச் சேர்ந்தவர். வேஷத்துக்குள் நாற்பது வயது ஆள். நாக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு டிக்கெட் எடுத்தார். நடத்துனர் சில்லறை கொடுக்கும்போது செருப்பைக் கழற்றிவிட்டுக் கொடுத்தார். சிங்கப்பூர் ரயிலில் டுரியான் பழத்துக்கே அனுமதி இல்லை. இங்கே எட்டுக் கைகளோடு ஏறுகிறார்கள். "அக்கா, இந்தக் கைய கொஞ்சம் பிடிச்சுக்கிடுதீயளா? ஜன்னல்ல இடிக்குது" என்றார். மரக்கை ஒன்றை மடியில் வாங்கிக்கொண்டேன். ஆழ்வார்திருநகரி தாண்டியதும், "என்ன ஒரு மாதிரியா இருக்கீய, வீட்ல எதுவும் சண்டையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இங்கே வந்து நான் சொன்ன எத்தனையாவது பொய் என்று எனக்கே மறந்துவிட்டது.

வியாழக்கிழமை காலை சிங்கப்பூர் மேலாளரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். "சோதனைப் பதிவில் நிஜமான இடத்தின் பெயரைப் போட்டது விதிமீறல். தெரிந்தால் உன் வேலை போகும். அனுமதித்த எனக்கும் கேள்வி வரும். அந்த ஆளுக்கு வேறு வேலை கிடைக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பு." இன்னொரு முறை சொல்லுங்கள் என்றேன். அவர் குரல் இறங்கியது. "இந்த அழைப்பைப் பதிவு செய்கிறாயா?"

நாற்பத்தேழு வயதில், விதிமீறலுக்காக வெளியே அனுப்பப்பட்ட பாதுகாப்பு அதிகாரியை யார் எடுப்பார்கள்? தாமிரபரணிக் கரையில், குறுக்குத்துறைப் படித்துறையில் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஆற்றில் துணி துவைத்துக்கொண்டிருந்த இருவர் என்னையே பார்த்துப் பேசிக்கொண்டார்கள். தண்ணீரில் விழப் போகிறேனோ என்று அவர்களுக்குச் சந்தேகம் போல. ஒரு பெண் பக்கத்தில் வந்து, "மணி ஆவுதுல்லா, வீட்டுக்குப் போங்கம்மா" என்றாள். சாயங்காலம் இசக்கி வாங்கிக் கொடுத்த அல்வா வாழை இலையில் சூடாக இருந்தது. ஒரு விள்ளல் எடுத்துவிட்டு இலையை மடித்து வைத்தேன்.

"வண்டி சரியாயிட்டா?" என்று கேட்டேன்.

"நேத்தே சரியாயிட்டு. நீங்க பஸ்ஸுல போனதும் நல்லதுதான் மேடம், நாலு மனுசரப் பாத்திருப்பீய" என்றார். வண்டி நிஜமாகவே கெட்டதா என்று எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தாரை தப்பட்டைச் சத்தம் கேட்டது. ஆலை வாசலில், இங்கே குட்டி யானை என்று சொல்லும் சின்னச் சரக்கு வண்டி ஒன்று நின்றது. ராஜா, ராணி, இரண்டு போலீஸ், ஒரு கரடி, மற்றவர்கள், நடுவில் காளி. தலைமையகத்தின் உத்தரவுப்படி காவலர் கதவைப் பூட்டி வைத்திருந்தார். அவர்கள் தள்ளவில்லை, கத்தவில்லை. வெளியே நின்றே ஆடினார்கள். உள்ளேயிருந்து தொழிலாளர்கள் ஒவ்வொருவராக வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கம்பிகளுக்கு இடையே கையை விட்டுக் காணிக்கை போட்டார்கள். சங்கரலிங்கமும் செருப்பைக் கழற்றினார்.

நான் சின்னக் கதவு வழியாக வெளியே போனேன். காளியின் முன்னால் நின்றேன். பறைச் சத்தத்தில் நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. குனிந்தார். இன்னொரு முறை, கத்திச் சொன்னேன். "அந்த மிரட்டலை எழுதியது நான்தான்!"

அந்த நேரம் பார்த்துப் பறை நின்றிருந்தது.

சுடலைமுத்து வாயிலிருந்த நாக்கை எடுத்தார். கோபத்தில் கிரீடம் ஆடியது. "முந்தாநாளு எங்க பந்தல்ல காப்பி குடிச்சீயளே, அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"ஊருல நாலு வீட்டுல எங்களக் கண்டதும் கதவச் சாத்துனாவ அக்கா. கொலகாரன் செட்டுன்னு சொன்னாவ. எங்க அம்மா மூணு நாளா வெளிய எறங்கல."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கும்பிட்டேன். அவர் கும்பிட்ட என் கையைப் பார்த்தார்.

"இப்பம் என்னைப் பாத்து இதச் சொன்னா அம்மன்கிட்ட சொன்ன மாதிரி. அம்மன் மன்னிச்சிருவா. வேஷத்தைக் கழட்டுனா நான் சுடலைமுத்து. எனக்கு அது பத்தாது. என் மேல எழுதித்தான குத்தம் சொன்னீய? எழுதியே குடுங்க. தமிழ்ல. எங்க வீட்டுக்காரிக்கு இங்கிலீஷ் தெரியாது."

யாரிடமும் தாள் இல்லை. சங்கரலிங்கம் சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். சுடலைமுத்துவை வேலைநீக்கம் செய்யும் கடிதம்; என் கையெழுத்துக்காகத் தயாராக வைத்திருந்தது. அதைத் திருப்பி, வெறுமையாக இருந்த பக்கத்தை நீட்டினார். அந்தச் சரக்கு வண்டித் தட்டின் மேல் வைத்து எழுதினேன். கட்டுரைப் போட்டிக்காரிக்கு ஒரு அலங்காரமும் வரவில்லை. மிரட்டலை எழுதியது நான், கருவிகளைச் சோதிக்க எழுதினேன், சுடலைமுத்து எழுதவில்லை, பகிர்ந்ததிலும் தவறு இல்லை, எங்கள் வாசலில் ஆறு ஓடவில்லை. கீழே பெயர், பதவி, கையெழுத்து.

"வாசிங்க" என்றார் சுடலைமுத்து.

வாசித்தேன். கரடி தலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டது. முடித்ததும் சங்கரலிங்கம் தாளை வாங்கித் தேதி போட்டுத் தன் கையெழுத்தையும் சேர்த்தார். "ஏலே சுடலை, காப்பு அவுத்த மறுநாள் முதல் ஷிப்டுக்கு வந்துரு. சிங்கப்பூர்ல கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்" என்றார். சுடலைமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். கன்னத்து நீலத்தில் இரண்டு கோடுகள் இறங்கின. ராஜா வேஷக்காரர் தாளைப் படம் எடுத்து, செட்டின் முகநூல் பக்கத்தில் போட்டார். மறுபடி பறை ஆரம்பித்தது.

நான் வாசலருகே நின்று மேலாளருக்குக் கடிதம் தட்டிக்கொண்டிருந்தேன். பாதியில் போன் அதிர்ந்தது. ஜோசியர். 'மிரட்டலின் ஆசிரியர் அடையாளம் காணப்பட்டார். மாறுவேடத்தில் ஆயுதம் ஏந்திய பத்துப் பேருடன் தற்போது நிறுவன வாசலில் இருக்கிறார். உயர் நம்பகம். உள்ளே அனுமதிக்க வேண்டாம்.' அதன் கீழே என் முழுப் பெயர். முதல் முறையாக ஆளைச் சரியாகச் சொல்லியிருந்தது.

எச்சரிக்கை எனக்கு மட்டும் வரவில்லை. காவலர் அறையில் தொலைபேசி அடித்தது. அவர் எடுத்து, "சரிங்க சார், சரிங்க சார்" என்று நாலைந்து முறை சொல்லிவிட்டு வெளியே வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினார்.

"கார்டைக் குடுங்க மேடம்."

கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தேன். அவர் ஒரு நீள நோட்டைத் திறந்தார். 'உள்ளே விடக் கூடாதவர்கள்' என்ற பக்கத்தில் ஒரே ஒரு பெயர் இருந்தது. சங்கரலிங்கம் தலையசைத்ததும், அளவுகோல் வைத்து அந்தப் பெயரை அடித்தார். பிறகு அதற்கு அடுத்த வரியில் பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஒங்க பேரு எப்படி எழுதணும்?"

ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன்.